இல்லாத விமானக் கம்பெனி

தினேஷ்,

போனில் இதைச் சொல்ல முடியாது என்பதால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை நான் மூன்று வாக்கியம் முடிப்பதற்குள், "எது படிச்சா என்னப்பா, எல்லாம் ஒண்ணுதான். மீட்டிங் இருக்கு, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் முப்பது வருஷம் விசில் ஊதிய கண்டக்டர் நான். படியில் தொங்குகிறவன் வரைக்கும் என் குரல் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் பேசும்போது மட்டும் பாதியில் அறுந்துபோகிறது. காகிதத்தை உன்னால் பாதியில் அணைக்க முடியாது. கிழித்துப் போடலாம்தான். ஆனால் உன் அம்மா வெயிலில் நடந்து போய் இதைக் கூரியரில் கொடுக்கப் போகிறாள் என்று தெரிந்தால் கிழிக்க மாட்டாய்.

விஷயம் உன் தங்கையைப் பற்றியது. அபி பிளஸ் டூ முடித்துவிட்டாள், மார்க்கும் நன்றாக வாங்கியிருக்கிறாள், இதெல்லாம் உனக்குத் தெரியும். வாழ்த்துச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு கேக் படம் அனுப்பினாய். அதற்குப் பிறகு உன் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாய் போல. அவள் என்ன படிக்கப் போகிறாள் என்பது இந்த வூட்டில் ஒரு மாதமாக நடக்கிற சண்டை. அந்தச் சண்டையில் நீ இருக்கிறாய். நீ இங்கே இல்லாமலே, வாயைத் திறக்காமலே, அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறாய். அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் நான் பத்து வருஷம் பின்னால் போக வேண்டும். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. வரிசையாகப் படி.

நீ பிளஸ் டூ முடித்த வருஷம் உனக்கு மெக்கானிக்கல் கிடைத்திருக்கும். வெளி மாவட்டத்தில், பழைய அரசுக் கல்லூரியில். உன் பிசிக்ஸ் வாத்தியார் என் பஸ்ஸிலேயே வந்து, டிக்கெட் வாங்கும்போது சொன்னார். "கண்டக்டர் சார், பையன மெக்கானிக்கல்ல சேத்துடுங்க. பழைய காலேஜ், பேர் இருக்கு. நாலு பக்கமும் கதவு தொறக்கும்." நான் தலையை ஆட்டினேன். அவர் இறங்கின பிறகு, மெக்கானிக்கல் என்பதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். டிப்போவில் என் வண்டிக்கு அடியில் கிரீஸ் அப்பிக்கொண்டு படுத்துக் கிடக்கிற மெக்கானிக்தான் என் கண்ணுக்குத் தெரிந்தான். நான் படித்த படிப்புக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்த வாரமே நாம் மூன்று பேரும் பெரம்பலூர் பக்கம் நீ பிறகு சேர்ந்த அந்தத் தனியார் கல்லூரியைப் பார்க்கப் போனோம். நாம் மூன்று பேர் என்றால் நீ, நான், உன் அம்மா. ஏழு வயது அபியைப் பக்கத்து வூட்டில் விட்டுவிட்டுப் போனோம். வாசலுக்குள் நுழைந்ததும் புல்தரையில் ஒரு விமானம் நின்றது. நிஜ விமானம். பழசுதான், ஆனால் வெள்ளையடித்து நீலக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். உன் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, இது பறக்குமாங்க?" என்று கேட்டாள். உள்ளே எஞ்சின் இல்லை, சக்கரத்தைச் சிமெண்டில் பதித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் நீ சேர்ந்து இரண்டு மாதம் கழித்துச் சொன்னாய். அன்றைக்கு அதெல்லாம் யார் பார்த்தோம்? ஆபீஸில் டை கட்டிய ஒருத்தர் ஏரோநாட்டிக்கல் என்று சொன்னபோது எனக்கு அந்தச் சொல்லே மேலே ஏறிப் போவது மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் நீ பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியே வந்து கரும்புச் சாறு வண்டியிடம் நிற்கும்போது, "மெக்கானிக்கலே போதும்ப்பா" என்றாய். "மெக்கானிக்குனா நட்டு முறுக்குறவன்டா. நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றேன். நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்பதற்காக ஒரு பிள்ளையின் நாலு வருஷத்தை முடிவு செய்தேன். இதை இத்தனை நாள் உன்னிடம் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது எழுதிவிட்டேன். ஆனால் முழுப் பழியையும் என் தலையில் கட்டாதே. சேர்ந்த முதல் வாரமே அந்த விமானத்தின் இறக்கையில் கை வைத்துக்கொண்டு நீ எடுத்த படத்தை ஆறு மாதம் வரைக்கும் உன் போனில் முகப்பாக வைத்திருந்தாய். உனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நம் இரண்டு பேரையும் அந்தத் தகரம் ஏமாற்றியது என்று வைத்துக்கொள்வோம்.

நாலு வருஷம் நீ ஒழுங்காகப் படித்தாய். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒரு பாடம் கூட விழவில்லை. கடைசி வருஷம் உன் அம்மா செட்டிகுளம் மலைக்கு ஏறி, முருகனிடம் வேண்டிக்கொண்டது போதாது என்று அர்ச்சகரிடமும், "பையன் பிளேன் இன்ஜினியருங்க, நல்ல வேலை கெடைக்கணுங்க" என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு வந்தாள். நான் கீழே வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரி டிரைவரிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர், "எந்த ஏர்போர்ட்டுங்க?" என்று கேட்டார். இந்தப் பக்கத்தில் விமானம் செய்கிற இடம் எங்கே இருக்கிறது, பழுது பார்க்கிற இடம் எங்கே இருக்கிறது, அவர்கள் யாரை எடுக்கிறார்கள், இந்தக் கல்லூரியிலிருந்து இதுவரை யாரையாவது எடுத்திருக்கிறார்களா என்று சேரும்போது ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா நான்? தினமும் எத்தனை பேரிடம் "எங்க போகணும்?" என்று கேட்டவன், அந்த ஒரு இடத்தில் மட்டும் கேட்காமலே டிக்கெட் கிழித்துவிட்டேன்.

திருச்சியில் நடந்த அந்த வேலைவாய்ப்பு முகாமுக்கு நான் லீவு போட்டு உன்னோடு வந்தது ஞாபகம் இருக்கிறதா? வேப்ப மரத்தடியில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று, மரத்தை ஒட்டிப் போட்டிருந்த மேஜைக்குப் போனாய். மேஜைக்கு அந்தப் பக்கம் உன் வயதே இருக்கும் ஒரு பெண். உன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஏரோவா? எங்க லிஸ்ட்ல இல்லையே" என்றாள். நீ விடவில்லை. "மேடம், மெக்கானிக்கல்ல படிக்கிற முக்காவாசி பேப்பரு நாங்களும் படிச்சிருக்கோம். மார்க் ஷீட்ட பாருங்க" என்றாய். அந்தப் பெண் நல்ல பெண்தான். நிஜமாகவே மார்க் ஷீட்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க படிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. சிஸ்டத்துல அந்தப் பேரு இல்லையே, நான் என்ன பண்றது?" அடுத்தவன் காகிதத்தை நீட்டிவிட்டான். நீ திரும்பி வரும்போது உன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அரசு வேலை விளம்பரங்களை எடுத்து வைத்துக்கொண்டு நீ விரலால் வரி வரியாகத் தேடுவாய். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று இருக்கும். சில இடத்தில் 'அதற்கு இணையான பட்டம்' என்று இருக்கும். உன்னுடையது இணையா இல்லையா என்று கேட்டு நீ எழுதின மனுக்களுக்குப் பதில் வந்த பாடில்லை. உன்னோடு பள்ளியில் படித்த சரவணன், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சில நாள் பஸ் ஸ்டாண்டில் கண்ணில் படுவான். "தினேஷு என்ன பண்றாம்பா?" என்பான். நான் கூட்டத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொள்வேன். அவன் பிழைப்பும் சொர்க்கம் இல்லை. சுண்ணாம்புத் தூசி, ராத்திரி ஷிப்ட், காண்ட்ராக்ட் எப்போது நிரந்தரமாகும் என்கிற கவலை எல்லாம் அவனுக்கும் உண்டு. ஆனால் ஒரு விளம்பரம் வந்தால் அதில் தன் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று அவன் விரலை ஓட்டித் தேட வேண்டியதில்லை. அந்த வித்தியாசத்தை நீ ஒன்றரை வருஷம் இந்த வூட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அனுபவித்தாய். அப்படிப்பட்ட நீ, "எது படிச்சாலும் ஒண்ணுதான்" என்று என்னிடம் சொல்கிறாய். எனக்கு எரிச்சல் வருமா வராதா?

பிறகு உனக்கு இந்த மெடிக்கல் கோடிங் வேலை கிடைத்தது. பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, திருச்சியில் சேர்ந்தாய். முதல் தடவை லீவுக்கு வந்தபோது, அபி தூங்கிய பிறகு, சாப்பிட்டுக்கொண்டே நான் கேட்டேன், "அது என்னடா வேலை?" நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு ஆர்வமாகச் சொன்னாய். அமெரிக்காவில் டாக்டர் எழுதி வைத்த குறிப்பை இங்கே படிக்க வேண்டும், நோய்க்கு ஒரு எண், சிகிச்சைக்கு ஒரு எண் போட வேண்டும், அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கிடைக்கும், எண் தப்பானால் நோயாளிக்குப் பணம் வராது என்றாய். நான், "அப்ப ஆஸ்பத்திரி குமாஸ்தா வேலை" என்றேன். நீ மோர் கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்து கை கழுவப் போனாய். அன்றையிலிருந்து உன் வேலையைப் பற்றி இந்த வூட்டில் நீ ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த மாதமே திருமழபாடியில் உன் மாமா வூட்டுக் காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரிய மாமா, "பையன் எங்கப்பா இருக்கான்?" என்று கேட்டார். "திருச்சியிலங்க. ஏரோப்ளேன் கம்பெனியில" என்றேன். என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது. உன் ஆபீஸ் ஏர்போர்ட்டுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது, அது என் பொய்க்கு வசதியாகப் போயிற்று. எனக்குப் பக்கத்து இலையில் நீ இருந்தாய். என்னை ஒரு தடவை பார்த்தாய். மறுப்பாய் என்று நினைத்தேன். நீ அப்பளத்தை உடைத்துக்கொண்டு குனிந்துகொண்டாய். உனக்கு அந்தப் பக்கத்து இலையில் பன்னிரண்டு வயது அபி. "அண்ணா, ஏரோப்ளேன்லயா இருக்க? சொல்லவேயில்ல!" என்று உன் தோளைப் பிடித்து உலுக்கினாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கு நம் வூட்டில் சண்டையாக வந்து நிற்கிறது.

நான் அதற்குப் பிறகு பஸ்ஸில் சொன்னேன், டிப்போவில் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன். நீ மறுக்கவில்லை. அபி தன் வகுப்பில் சொன்னாள். நீ தெரியாத மாதிரி இருந்தாய். எனக்கு வெட்கம், உனக்கு மனக்கசப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு கம்பெனியையே கட்டிவிட்டன.

வெட்கப்பட எதுவும் இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போன வருஷம் உன் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று திருச்சியில் சேர்த்தோமே, அப்போது. அந்த ஸ்கேன் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீ ஆபீஸிலிருந்து நேரே வந்து, நின்றபடியே படித்துவிட்டு, "அம்மா, பயப்படாத. கல்லு பைக்குள்ளதான் இருக்கு, கொழாய்ல எறங்கல" என்று சொல்லி அவள் கையில் விரலால் வரைந்து காட்டினாய். மறுநாள் டாக்டரிடம் நீ இரண்டு கேள்வி கேட்டாய். அவர் உன்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க மெடிக்கல் ஃபீல்டா?" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்த மாதிரிதான் சார்" என்றாய். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாங்க, எம்பையன் மெடிக்கல் கோடிங்ல இருக்கான், பன்னெண்டு பேரு செய்யிற வேலைய சரிபாக்கறான்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். காபி வாங்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்த வரி. சேர்த்துப் படித்துவிட்டு மேலே போ.

இனி அபி. ஒரு மாதத்துக்கு முன்னால் உன் கல்லூரியிலிருந்தே போன் வந்தது. அபி மார்க் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. ஊரில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற எல்லா வூட்டுக்கும் வருகிறது. அவளும் அவள் தோழி ஒருத்தியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வாசலில் இருந்த விமானத்தைப் பெயர்த்து ஓரமாகத் தள்ளிவிட்டார்களாம். அந்த இடத்தில் ஒரு ரோபோ நிற்கிறதாம். வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டு "வணக்கம்" சொல்கிறதாம். அபி திரும்பி வந்ததிலிருந்து ரோபோட்டிக்ஸ், ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று ஒரு மூச்சில் சொல்ல முடியாத ஒரு படிப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கவுன்சிலிங்கில் அவள் மார்க்குக்குப் பழைய அரசுக் கல்லூரியிலேயே எலெக்ட்ரிக்கல் கிடைக்கும், எலெக்ட்ரானிக்ஸ் கூடக் கிடைக்கலாம் என்று அவள் டீச்சர் சொல்கிறார். அவளுக்கு அது காதில் ஏறவில்லை.

நான் சனிக்கிழமை காலையில் உட்கார வைத்துப் பேசினேன். "பேரப் பாத்து சேராதம்மா. அந்தப் படிப்ப முடிச்சவங்க எங்க வேல பாக்கறாங்கன்னு விசாரிச்சுட்டு சேரு" என்றேன். அவள் பட்டென்று கேட்டாள்: "அண்ணன் பேரப் பாத்துத்தானப்பா சேந்துச்சு? ஏரோ படிச்சுச்சு, ஏரோப்ளேன் கம்பெனிக்குப் போயிடுச்சு. நான் ரோபோ படிச்சு ரோபோ கம்பெனிக்குப் போறேன். அண்ணனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? பொண்ணுன்னுதான?" உன் அம்மா அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை. என் பொய்யை எடுத்து என் மேலேயே எறிகிறாள், அது பொய் என்று அவளுக்குத் தெரியாது. அதற்குத்தான் உனக்குப் போன் போட்டேன். நீயே உன் வாயால் சொன்னால் அவள் கேட்பாள் என்று நினைத்தேன். நீ உன் மீட்டிங்குக்குப் போய்விட்டாய்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எது படித்தாலும் ஒன்றுதான் என்று நீ சொல்வது அனுபவம் இல்லை, அலுப்பு. நீ படித்த ஏரோநாட்டிக்கல் உனக்கு இந்த வேலையை வாங்கித் தரவில்லை, சரி. நீ பொறுமையாகப் படிக்கிறவன், ஒரு எழுத்து தப்பினாலும் கண்டுபிடிக்கிறவன், அதனால் பிழைத்துக்கொண்டாய். ஆனால் நடுவில் போன ஒன்றரை வருஷம்? அதில் நீ மெலிந்து போனாய், உன் பேச்சு குறைந்து போனது, யார் வூட்டு விசேஷத்துக்கும் வர மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாய். அதையும் அந்தப் படிப்பின் பெயர்தான் கொடுத்தது. பட்டம் ஒன்றே வாழ்க்கை என்று நான் அன்றைக்கு நம்பியது முட்டாள்தனம். பட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று நீ இன்றைக்குச் சொல்வது அதைவிடச் சோம்பேறித்தனம். ஒரு பிள்ளை எத்தனை வேலைக்கு விண்ணப்பம் போட முடியும், எத்தனை இடத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்பதைப் பட்டத்தின் பெயர் இருக்கிற அந்த ஒரு வரி முடிவு செய்கிறது. இதை உன்னைவிடத் தெரிந்தவன் நம் வூட்டில் யார்?

திங்கட்கிழமை அபியைக் கூட்டிக்கொண்டு நானே அந்தக் கல்லூரிக்குப் போனேன். "இன்னைக்கு சீட்ட உறுதி பண்ணிடுங்க சார், நாளைக்கு இருக்காது" என்று போனில் நெருக்கிக்கொண்டே இருந்தார்கள். ரோபோ எனக்கும் கும்பிடு போட்டது. ஆபீஸில் டை கட்டிய வேறு ஒருத்தர், சின்ன வயது. நான் இந்தத் தடவை கேட்டேன். "தம்பி, இந்தப் படிப்ப முடிச்ச பிள்ளைங்க இப்ப எங்க வேல பாக்கறாங்க?" அவர், "சார், இந்த கோர்ஸ்ல இன்னும் ஒரு பேட்ச் கூட வெளிய வரல. ஆனா எதிர்காலமே இதுதான் சார்" என்றார். பொய் சொல்லவில்லை, பாவம். சரி, ஏரோ முடித்தவர்கள் என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த படங்களைக் காட்டினார். கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிற முகங்கள். அதில் உன் படமும் இருந்தது, தினேஷ். உன் பெயருக்குக் கீழே ஒரு கம்பெனி பெயர் போட்டு, வேலை பெற்றவர் என்று போட்டிருந்தது. நீ வேலை பார்க்கிற கம்பெனியின் பெயர்தான். அது என்ன கம்பெனி, அங்கே என்ன வேலை என்று போடவில்லை. அபி அதைப் பார்த்ததும், "அப்பா, அண்ணன்!" என்று துள்ளினாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, புங்க மரத்தடியில் போட்டிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். விமானம், கரும்புச் சாறு, முகாம், ஒன்றரை வருஷம், திருமழபாடிப் பந்தி, எல்லாம். உன் அனுமதி கேட்கவில்லை. உன்னையே சொல்ல வைக்கத்தான் போன் செய்தேன், நீ பாதியில் வைத்துவிட்டாய். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் சிவந்துவிட்டது. "அஞ்சு வருசமா எங்கிட்ட ரெண்டு பேரும் பொய் சொல்லியிருக்கீங்க. கிளாஸ் முழுக்க நான் சொல்லியிருக்கேன்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு, "அந்த கோடிங் வேல கஷ்டமா?" என்று கேட்டாள். கஷ்டம்தான், பரீட்சையெல்லாம் எழுதிப் பாஸ் செய்துதான் அண்ணன் போனான், இப்போது மற்றவர்கள் வேலையையும் சரிபார்க்கிறான் என்றேன். "அப்ப அத ஏன் சொல்லல? அதுதான நல்லா இருக்கு?" என்றாள். உனக்கும் எனக்கும் சேர்த்து ஒரு அடி.

பணம் கட்டாமல் திரும்பினோம். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சுண்ணாம்புக் கல் லாரிகள் வரிசையாகப் போயின, புழுதிக்குக் கூட அவள் கண்ணாடியை இழுத்து விடவில்லை. அரியலூர் வருவதற்குள் மனம் மாறிவிடுவாள், எலெக்ட்ரிக்கல் போடுகிறேன் என்பாள் என்று நான் நினைத்திருந்தால் என்னைப் போல ஏமாளி இல்லை. இறங்கி வூட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்: "நீங்க சொல்றதயும் நம்ப மாட்டேன், காலேஜ் சொல்றதயும் நம்ப மாட்டேன். அண்ணன் கூட ஏரோ படிச்சவங்க எல்லாரும் இப்ப என்ன பண்றாங்க? ஒவ்வொருத்தரா எனக்குத் தெரியணும். அப்பறம் அண்ணனுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் படிச்சவங்க என்ன பண்றாங்கன்னு தெரியணும். அதப் பாத்துட்டு நானே முடிவு பண்ணிக்கிறேன். ரோபோ எடுத்தாலும் தெரிஞ்சு எடுக்குறேன்." எனக்குக் கோபம் வந்தது. ஒரு நிமிஷம் கழித்து வெட்கமும் வந்தது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இவள் பதினேழு வயதில் கேட்கிறாள்.

உன் வகுப்பில் படித்தவர்களில் எனக்குத் தெரிந்தது இரண்டே பேர். ஒருத்தன் வங்கியில் இருக்கிறான் என்று கேள்வி. இன்னொருத்தன் துபாய். அங்கே என்ன வேலை என்று அவன் அப்பாவும் சொல்ல மாட்டேன் என்கிறார். அவரும் என்னைப் போல ஏதாவது கம்பெனி கட்டி வைத்திருப்பார். மற்றவர்களை உனக்குத்தான் தெரியும். உங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அதில் கல்யாணப் பத்திரிகை மட்டும்தான் போடுவீர்களா? கேள். கூச்சப்படுகிறவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். அவர்களைத் தனியாகப் போனில் கேள். யாருக்காவது நிஜமாகவே விமான வேலை கிடைத்திருந்தால் அதையும் எழுது. அவன் எங்கே மேலே படித்தான், எப்படிப் போனான் என்று எழுது. உன் கசப்பில் அதை மறைத்துவிடாதே. வேலை இல்லாமல் வூட்டில் இருக்கிறவர்கள் பெயரையும் விடாதே. பெண் பிள்ளைகள் படித்தார்களே, அவர்களில் எத்தனை பேரைக் கல்யாணம் செய்து உட்கார வைத்துவிட்டார்கள் என்றும் அவள் கேட்கிறாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையோடு கவுன்சிலிங்கில் நாம் கொடுக்கிற விருப்பப் பட்டியலைப் பூட்டிவிடுவார்களாம். அதனால் நீ ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு வந்து சேர். மீட்டிங் என்று சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவு என்று உன் அம்மாவுக்குத் தெரியும். அபி உன்னோடு சண்டை போடுவாள். போடட்டும், வாங்கிக்கொள். நான் குறுக்கே வர மாட்டேன். அவள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, நடுப்பக்கத்தைப் பிரித்து, பெயர், படித்தது, இப்போது செய்வது என்று மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறாள். நேற்றிலிருந்து மேஜை மேல் அப்படியே திறந்து கிடக்கிறது. முதல் வரியில் உன் பெயரை அவளே எழுதிவிட்டாள். படித்தது என்ற இடத்திலும் எழுதிவிட்டாள். மூன்றாவதை நான் எழுதட்டுமா என்று கேட்டேன். "அண்ணன் வந்து எழுதட்டும்" என்று பேனாவை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அப்பா